கட்டிளமைக் காதலும் ஊர்வாயும்: அலிஸ் மன்றோவின் சிறுகதையொன்று

காதலில் ஏமாற்றமுற்ற கட்டிளமைப் பருவத்தினர் செய்யும் அவசரக் காரியங்களைப் ‘பருவக் கோளாறு’ என்று கூறி அமைந்துவிடும் விமர்சகர் உளர். அவ்விளக்கத்தின் போதாமையை நாம் உணர்வதற்கு ‘அன் அவுன்ஸ் ஒவ் கியூர்’ என்னும் சிறுகதை துணைபுரிகிறது. 2013இல் நொபெல் பரிசு பெற்ற கனேடிய எழுத்தாளர் அலிஸ் மன்றோவின் முதலாவது தொகுதியில் (1968) இது இடம்பெற்றது.

கதைசொல்லி சிறுநகரொன்றின் பாடசாலை மாணவி. பாடசாலை நாடகத்திலே டார்சியாக நடித்த மார்ட்டின் கொலிங்வூட்மீது மையல் கொள்கிறாள். அவனோ விரைவிலேயே வேறொருத்தியை நாடுகிறான். அவனோடு பழகிய நேரத்தினும் பத்து மடங்கு நேரம் அவனை எண்ணி ஏங்கியதாக அவளே பின்னர் கூறுகிறாள். அஸ்பிரின் குளிகைகளை விழுங்கத் தொடங்கி இடையில் நிறுத்தியும் விடுகிறாள். பின்னர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சென்ற வீட்டில், அவர்கள் உறங்கியபின் அங்கிருந்த விஸ்கியைக் குடிக்கிறாள்.

இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். அவளுடையது மதுப் பழக்கமற்ற குடும்பம். ஏழாம் வகுப்பிலேயே, வகுப்பினர் அனைவருடனும் சேர்ந்து, மதுவிலக்கு உறுதிமொழியில் அவள் ஒப்பமிட்டிருக்கிறாள். (அது வெறும் மடமை என்று தாயே இகழ்ந்தது சுவையான செய்தி.) மது தீயது எனப் போதித்த அச்சமூகம் அதன் அளவையோ விளைவையோ கற்பிக்கவில்லை. எனவே தண்ணீர் வார்ப்பதுபோலக் குவளையிலே வார்த்துக்கொள்கிறாள். காதல் விடயத்திலும் நிலைமை அதுவே. அவள் விரும்பியது மார்ட்டினையா, அவன் தரித்த ஆங்கில நிலவுடைமைக் கனவானின் வேடத்தையா என்பது ஐயத்துக்குரியது. ஆக, இங்கு உணர்ச்சி வேகம் எனப்படுவது பெரும்பாலும் சமூகம் ஆக்கிவைத்த அறியாமையே. வருமுன் காக்கும் ஓர் அவுன்ஸ், வந்தபின் தீர்க்கும் ஓர் இறாத்தலுக்கு ஈடாகும் என்பது ஆங்கிலப் பழமொழி. கதைத் தலைப்பு அதனைத் திருப்பிப் போடுவது தற்செயலன்று.

அவளுடைய நிலை அம்பலமாகிறது. செய்தி ஊரெங்கும் பரவுகிறது. கைவிட்டவனுக்கு இழுக்கில்லை, பெண்ணின் பெயரே கெடுகிறது. பின்னர் வேறொரு மாணவி மணமான ஒருவனோடு ஓடிப்போகவே, ஊர்வாய் இவளை விட்டு அவளைப் பற்றிக்கொள்கிறது. இதனை மன்னிப்பு என்று யாரும் கொள்ளார்.

காதல் நோயைத் தீர்ப்பது அறிவுரையன்று, அந்த இரவின் அலங்கோலமே. நடந்தவற்றின் அபத்தத்தை வியந்து நோக்கும் கண் அவளுக்கு வாய்க்கிறது. பல ஆண்டுகளின் பின், மரணச் சடங்கொன்றுக்காக ஊர் திரும்பியவள் மார்ட்டினைப் பிரேத அடக்கத் தொழில் புரிபவனாகக் காணும் இறுதிப் பகுதி அந்நோக்கின் முதிர்ச்சி. ஆயினும் நாம் மன்றோவுடன் முற்றாக உடன்படுதல் இயலாது. வாழ்க்கையின் அபத்தமென அவர் காண்பதில் ஒரு பகுதி, பெண்மீது மட்டும் தண்டம் விதிக்கும் ஊரின் ஒழுங்கு. அதன் விளைவுகளைச் சித்திரிப்பவர், அதன் வேர்களைத் தேட முனையவில்லை.