எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

தேவதானப்பட்டியிலிருந்து பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் படிக்கவும் வேலைக்கும் போகிற பெண்பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சில நாள் இருட்டிவிடுகிறது. அதற்கப்புறம் தோப்போரப் பாதையில் நடக்க வேண்டும். "தெரியாத ஆளிடம் பேசாதே" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனால் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்றே தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறது.

2022 அக்டோபர் 13 அன்று சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளியவன் அதே பகுதிக்காரன். அந்தப் பெண் விலகிய பிறகும் விடாமல் தொந்தரவு செய்தவன். விவகாரம் முன்பே காவல் நிலையம் வரை போயிருந்தது. 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்தது, பெண் திரும்பி வரவில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

முகத்தையோ உடையையோ வைத்து ஆளை எடைபோட முடியாது. நடத்தைதான் காட்டிக்கொடுக்கும். நீங்கள் ஏறும் பஸ்ஸில்தான் பின்தொடர்பவனும் ஏறுகிறான். நீங்கள் நேரத்தை மாற்றினால் அவனும் மாற்றுகிறான். கேட்காமலே உதவி செய்துவிட்டு உரிமை கொண்டாடுகிறான். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் வருகிறான். "செத்துப்போவேன்" என்பவன் ஒருநாள் "உன்னை விடமாட்டேன்" என்கிறான். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை ஏற்க மறுப்பதுதான் முதல் அறிகுறி.

அந்த நேரத்தில்

பின்னால் ஆள் வருவது தெரிந்தால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். வெளிச்சமுள்ள கடைக்குள் நுழையுங்கள். பொதுவாகக் கத்துவதைவிட ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிடுங்கள்: "பச்சைத் துண்டு போட்ட அண்ணே, இந்த ஆள் என் பின்னாலயே வர்றான், கொஞ்சம் நில்லுங்க!" தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் சட்டென்று நகர்ந்து போகமாட்டார்கள். பஸ்ஸில் என்றால் நடத்துநரிடம் சொல்லுங்கள். முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றுக்காக ஒருவரை இறக்கிவிடவும் போலீஸில் ஒப்படைக்கவும் 2022இல் திருத்திய தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் நடத்துநருக்கு அதிகாரம் தருகின்றன. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தாக்க வருகிறான் என்ற நியாயமான அச்சம் எழுந்ததுமே தற்காத்துக்கொள்ளும் உரிமை தொடங்கிவிடுகிறது; அடி விழும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும், போனிலும் இணையத்திலும் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1998இல் வந்த தமிழ்நாட்டுப் பெண் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கிறது. 2025இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

காவல் நிலையங்களில் பழகிப்போன வழி ஒன்று உண்டு: இரு தரப்பையும் கூப்பிட்டு, "இனி செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவது. அதோடு திரும்பிவிடாதீர்கள். தேதி, நேரம், இடம், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றோடும் எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். அதன் நகல் இலவசம். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100.

பெற்றோருக்கு

இத்தனை வழி இருந்தும் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. "வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள்" என்ற பயம். பின்னால் வருகிறவனுக்குப் பலமே அந்த மௌனம்தான். ஆகவே இன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள்: "எவன் என்ன செய்தாலும் உன் படிப்பு நிற்காது. முதல் நாளே எங்களிடம் சொல்." அந்த வாக்கை நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்று அவள் நம்பினால், விஷயம் முற்றுவதற்கு முன்பே உங்கள் காதுக்கு வந்துவிடும்.