எஸ்.ஜி.பி.டி. ஏறினால்: ரத்த உறைவு மருந்துகளும் கல்லீரலும்

ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரலுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. ஆனாலும் அவற்றை எடுத்துக்கொள்ளும் சிலரது ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரு நொதிகளின் அளவு கூடிக் காணப்படும். இவை கல்லீரல் செல்களுக்குள் வேலை செய்யும் நொதிகள். செல் சிதைந்தாலோ அதன் சவ்வு பழுதானாலோ ரத்தத்தில் கசிந்துவிடும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இதயத்திலும்கூட நிறைய உண்டு என்பதால், கல்லீரலைப் பொறுத்தவரை எஸ்.ஜி.பி.டி.யின் சாட்சியமே கூடுதல் நம்பகமானது.

நொதிகளை அடிக்கடி உயர்த்துவது ஹெப்பாரின் ஊசி. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து தொடங்கியது இதன் வரலாறு. இப்போது பன்றியின் குடல் சவ்விலிருந்து தயாராகிறது. ஊசி தொடங்கிய ஒரு வாரத்துக்குள்ளோ சற்றுப் பின்னரோ பலருக்கு எஸ்.ஜி.பி.டி. இரண்டு மூன்று மடங்கு வரை ஏறும். காமாலை வராது, உடம்புக்கு எதுவும் தோன்றாது. ஊசியை நிறுத்தியதும் அளவு இறங்கிவிடும். நிறுத்தாமலே இறங்குவதும் உண்டு. எனோக்ஸாபாரின் போன்ற குறுமூலக்கூறு ஹெப்பாரின்களிலும் இதே கதைதான்.

இதற்கு நேர்மாறானது ஸைமெலகாட்ரான். ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றாக அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் உருவாக்கிய மாத்திரை இது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை, உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. நீண்டகால ஆய்வுகளில் இதை உட்கொண்டவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு எஸ்.ஜி.பி.டி. இயல்பின் மேல்வரம்பைப் போல் மூன்று மடங்கைத் தாண்டியது; ஒப்பீட்டுக் குழுவில் அது 1 விழுக்காட்டைச் சற்றே மிஞ்சியது. ஏறியவர்களில் அநேகருக்கு அது முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்ந்தது. 2004இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. ஐரோப்பாவில் எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் குறுகிய காலத்துக்குப் பயன்பட்டுவந்த இம்மருந்தை 2006 பிப்ரவரியில் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. மருந்தை நிறுத்திய பிறகும் ஒருவருக்குக் கடும் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதே உடனடிக் காரணம். எச்.எல்.ஏ. மரபணுக்களில் குறிப்பிட்ட ஒரு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று பின்னர் தெரியவந்தது. உடலின் எதிர்ப்பு மண்டலத்துக்கும் இதில் பங்கிருக்கலாம் என்பதை அது உணர்த்துகிறது.

ஹெப்பாரினிலும் மூன்று மடங்கு, ஸைமெலகாட்ரானிலும் மூன்று மடங்கு. வித்தியாசத்தைக் காட்டுவது, கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமியான பிலிருபின். ஹைமன் ஸிம்மர்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுகோல் இன்றும் கையாளப்படுகிறது: பித்தக்குழாய் அடைப்போ வேறு நோயோ இல்லாமல், நொதி மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் சேர்ந்து உயர்ந்தால், அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் கல்லீரல் செயலிழப்பால் இறக்கவோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படவோ கூடும். நொதி மட்டும் ஏறுவது காயத்தின் அடையாளம். பிலிருபினும் ஏறுவது வேலை நிற்கத் தொடங்கியதன் அடையாளம்.

ஸைமெலகாட்ரானுக்குப் பின் வந்த டாபிகாட்ரான் இதே சந்தேகத்தோடுதான் ஆராயப்பட்டது. வார்ஃபரினைவிட அதிகமான நொதி உயர்வு அதில் தென்படவில்லை. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ஆகியவற்றாலும் கல்லீரல் பாதிப்பு அரிதாகவே நேர்கிறது. வார்ஃபரினும், இந்தியாவில் இதய வால்வு மாற்றியவர்கள் பலர் உட்கொள்ளும் அசிட்ரோமும் அப்படியே. ஆனால் இவ்விரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. உறைதலுக்கான புரதங்களைக் கல்லீரலே தயாரிக்கிறது. வேறு காரணத்தால் அது நலிந்தால் வழக்கமான அளவு மாத்திரையே மிகையாகி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எகிறும், ரத்தக்கசிவும் வரலாம்.

நொதி உயர்ந்த நோயாளியிடம் மருத்துவர் முதலில் விசாரிப்பது மற்ற காரணங்களைத்தான்: மது, கொழுப்புக் கல்லீரல், மஞ்சள் காமாலை வைரஸ்கள், காசநோய் மாத்திரை, ஸ்டாட்டின், நாட்டு மருந்து, இதயம் பலவீனமாகி ரத்தம் கல்லீரலில் தேங்குவது. உறைவு மருந்தே காரணம் என்று தெரிந்தால் வேறொன்றுக்கு மாற்றுவார்கள். சோதனைத் தாளில் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் தாமே நிறுத்திக் கீழாநெல்லிச் சாற்றுக்குப் போவதுதான் ஆபத்து. செயற்கை வால்வில் ரத்தக்கட்டி உருவாகச் சில நாட்கள் போதும். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறமாவது, அடங்காத குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.