மங்கோலியக் கான்கள்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

அப்பாவுக்குத் தாத்தார் இனத்தவர் விஷம் வைத்தார்கள். சொந்தக் கூட்டமே தாயையும் பிள்ளைகளையும் புல்வெளியில் அநாதையாக விட்டுவிட்டுப் போனது. கிழங்கு தோண்டித் தின்று வளர்ந்த அந்தப் பிள்ளை தெமுஜின், 1206இல் ஓனான் ஆற்றங்கரையில் செங்கிஸ் கான் ஆனார்! அவர் வம்சம் ஆண்ட நிலம் உச்சத்தில் ஏறக்குறைய 2.4 கோடி சதுர கிலோமீட்டர். இன்றைய இந்தியாவைப் போல ஏழு மடங்கு! குதிரையும் வில்லும் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. ஊரையே எரித்தாலும் அங்கிருந்த எழுத்தரையும் பொற்கொல்லரையும் வானநூல் வல்லவரையும் உயிரோடு கூட்டிப்போய் வேலை வாங்கிய சாமர்த்தியமும் சேர்ந்துதான்!

எழுதப் படிக்கத் தெரியாத செங்கிஸ் கான் எழுத்து தந்தார், தெரியுமா?
1204இல் நைமன் என்ற இனத்தார் தெமுஜினிடம் தோற்றபோது, அரச முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஓர் உய்குர் எழுத்தர் பிடிபட்டார். பெயர் தாத்தாதுங்கா. தலை போகும் என்று நினைத்திருப்பார். ஆசிரியர் வேலை கிடைத்தது! கானின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மேலிருந்து கீழாக எழுதும் அந்த மங்கோலிய எழுத்து உள் மங்கோலியாவில் இன்றும் புழங்குகிறது.

ஓர் ஆளுநரின் பேராசை ஒரு ராஜ்யத்தையே விழுங்கியது, தெரியுமா?
1218இல் செங்கிஸ் கான் அனுப்பிய வணிகக் கூட்டத்தில் சுமார் 450 பேர். குவாரஸ்ம் ராஜ்யத்தின் ஒத்ரார் நகர ஆளுநர் அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்று, சரக்கைச் சுருட்டிக்கொண்டார். நியாயம் கேட்கப் போன தூதரையும் அந்த ராஜ்யத்தின் மன்னரான ஷா கொன்றார். விளைவு? 1220க்குள் புகாராவும் சமர்கண்டும் விழுந்தன. ஷா காஸ்பியன் கடலில் ஒரு தீவுக்கு ஓடி, அங்கேயே செத்தார்!

பெரிய கோப்பை வாங்கிய கான் யார், தெரியுமா?
செங்கிஸின் மகன் ஓகதாய். குடியைக் குறைக்கச் சொல்லி அண்ணன் சகதாய் கோப்பைக் கணக்கு வைத்தாராம். ஓகதாய் கோப்பையைப் பெரிதாக்கிக்கொண்டாராம்! 1241 ஏப்ரலில் அவர் படைகள் போலந்திலும் ஹங்கேரியிலும் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு ஐரோப்பியச் சேனைகளை நொறுக்கின. டிசம்பரில் கான் இறந்தார். 1242இல் படை திரும்பிவிட்டது. கான் செத்ததாலா, குதிரைக்குப் புல் போதாததாலா என்று வரலாற்றாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பேரரசைப் பெண்களும் நடத்தினார்கள், தெரியுமா?
ஓகதாய்க்குப் பின் அவர் மனைவி தொரெகெனே 1246 வரை ஆட்சியைக் கையில் வைத்திருந்தார். இன்னொருவர் செங்கிஸின் மருமகள் சொர்காக்தானி: மோங்கே, குப்ளாய், ஹுலாகு, அரிக் போகே நால்வரையும் பெற்ற தாய். அவர் கிறிஸ்தவர். ஆனாலும் புகாராவில் ஒரு மதரசா கட்டப் பணம் கொடுத்தார்!

வெள்ளி மரத்தில் மது கொட்டியது, தெரியுமா?
1254இல் தலைநகர் காரகோரத்துக்கு வந்த ருப்ரூக் வில்லியம் என்ற துறவி கண்ட அதிசயம் இது. மோங்கே கானின் அரண்மனையில் வெள்ளியால் ஆன மரம். நான்கு குழாய்களில் திராட்சை மது, குதிரைப்பால் மது, தேன் மது, அரிசி மது! செய்தவர் ஹங்கேரியில் சிறைப்பட்ட பாரிஸ் பொற்கொல்லர். உச்சியில் நின்ற தேவதை எக்காளம் ஊதும். சூட்சுமம் என்ன? அடியில் ஓர் ஆள் ஒளிந்திருந்து ஊதினான்!

நகரை அழித்தவரே வானாய்வகம் கட்டினார், தெரியுமா?
1258இல் பாக்தாதைச் சூறையாடி கலீபாவைக் கொன்றவர் ஹுலாகு. மறு ஆண்டே மராகா நகரில் வானாய்வகம் எழும்பத் தொடங்கியது. பொறுப்பு, ஓர் இஸ்மாயிலி கோட்டை விழுந்தபோது கையில் கிடைத்த மேதை நசீருத்தீன் தூசியிடம்!

காகிதப் பணம் கடைவீதியைப் பூட்டியது, தெரியுமா?
சீனாவில் குப்ளாய் கான் வெற்றிகரமாக ஓட்டிய காகிதப் பணத்தைப் பார்த்து, 1294இல் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் கெய்காத்துவும் அச்சடித்தார். கஜானாவோ காலி! தப்ரீஸ் வியாபாரிகள் கடையைச் சாத்தினார்கள். நோட்டு ஒழிந்தது. அடுத்த ஆண்டு கெய்காத்துவும் கொல்லப்பட்டார்.

1281இல் மட்டும் எத்தனை அதிசயம், தெரியுமா?
ஒன்று: குப்ளாயின் வானநூலார் குவோ ஷௌஜிங் உருவாக்கிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் ஆண்டுக்கு 365.2425 நாள். ஐரோப்பா கிரெகோரி நாட்காட்டியில் இதே கணக்கை எட்டியது 1582இல்!

இரண்டு: ஜப்பானைப் பிடிக்கப் போன குப்ளாயின் பெருங்கப்பற்படையைப் புயல் சிதறடித்தது.

மூன்றாவதுதான் உச்சம்! அதே ஆண்டு சித்திரையில், சீனத் துறைமுகமான சுவான்ஜௌவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. தவச்சக்கரவர்த்திகள் என்னும் சம்பந்தப்பெருமாள், ‘செகசை கான்’ நலம்பெற வேண்டி, அந்தக் கானின் பிர்மான்படியே (ஆணைப்படியே) சிவபெருமானை அங்கே எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. செகசை கான் என்பவர் குப்ளாய்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ‘படையெடுத்தார்கள், சூறையாடினார்கள்’ என்று ஒரே வரியில் நாம் தாண்டிப்போன அந்தக் கான்களின் ஆட்சியில், அவர்கள் உத்தரவோடு, நம்மூர்ச் சிவனுக்குச் சீனத்தில் ஒரு கோயில்!