இங்கு க்யூ விற்கப்படும்!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பேனா வேண்டாம், மனசுக்குள்ளேயே போட்டுடலாம்.

அப்பா, அம்மா, நீங்க, உங்க தங்கச்சி... மொத்தம் நாலு பேர். நீங்க பிறந்து வளர்ந்ததே அமெரிக்காவுலன்னு வெச்சுக்கோங்க. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போறாங்க. பணக்காரரும் இல்லை, ஏழையும் இல்லை. ஸ்கூல் லீவு விட்டாச்சு. 'ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டுக்குப் போயே ஆகணும்'னு தங்கச்சி ஒத்தைக்கால்ல நிக்கிறா.

ரொம்பக் கூட்டமும் இல்லாத, ரொம்பக் காலியும் இல்லாத ஒரு நாளுக்கு டிக்கெட் தலைக்கு 160 டாலர்னு வைங்க. நாலு பேருக்கு 640. கார் நிறுத்த 30. க்யூவில் கொஞ்சம் முந்திப் போறதுக்குத் தலைக்கு 25 வீதம் 100. ரெண்டு வேளை சாதாரண சாப்பாடு, வேளைக்குத் தலைக்கு 15 வீதம் 120. ஆக மொத்தம் 890 டாலர். வரி தனி. தங்கச்சி கேட்ட மிக்கி மவுஸ் காது வெச்ச தொப்பி இந்தக் கணக்குல இல்லை. ஓட்டல் ரூமும் விமான டிக்கெட்டும்கூட இல்லை!

'ரூபாயில் எவ்வளவு?'னு கால்குலேட்டரைத் தேடாதீங்க பாஸ். அவங்க சம்பளமும் டாலர்தானே? வேற மாதிரி பார்ப்போம். அமெரிக்கக் குடும்பங்களை எல்லாம் வருமானப்படி வரிசையா நிறுத்தினா, நட்ட நடுவுல நிக்கிற குடும்பத்தோட வருமானம் 2024-ல் வருஷத்துக்கு 83,730 டாலர். வாரத்துக்கு சுமார் 1,610. அதுவும் வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி. அதாவது, தீம் பார்க்கில் ஒரே ஒரு நாள் சுத்தினா வாரச் சம்பளத்துல பாதிக்கு மேல காலி!

இது எப்படி ஆச்சு? கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போவோம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா

லாஸ் ஏஞ்சலீஸில் கிரிஃபித் பார்க்னு ஒரு இடம். அங்கே குடைராட்டினத்தில் ரெண்டு பெண் குழந்தைகள் சுத்திட்டு இருக்க, அவங்க அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்தார். 'குழந்தைங்க மட்டும் விளையாட, பெத்தவங்க சும்மா உட்கார்ந்திருக்கணுமா? ரெண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமா இருக்கிற மாதிரி ஒரு இடம் ஏன் இல்லை?'னு யோசிச்சார். அந்த அப்பா பேர் வால்ட் டிஸ்னி.

1955 ஜூலை 17-ம் தேதி, கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் ஊரில் ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த இடத்தில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. பெரியவங்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ரைடுக்குத் தனிக் காசு. சீக்கிரமே 'டிக்கெட் புக்' வந்தது. அதில் ஏ, பி, சி-ன்னு சீட்டுகள் இருக்கும். குடைராட்டினம் மாதிரி சாதாரண ரைடுக்கு ஏ சீட்டு போதும். 1959-ல் 'இ' சீட்டு வந்தது. பார்க்கிலேயே டாப் ரைடுகளுக்கு மட்டும் அது!

'இ டிக்கெட்'ங்கிற வார்த்தை அமெரிக்கப் பேச்சுவழக்கிலேயே ஒட்டிக்கிச்சு. 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சேலி ரைடு, ராக்கெட் பயண அனுபவத்தை 'இ டிக்கெட்'னுதான் வர்ணிச்சாங்கன்னா பாருங்களேன்!

இங்கே ஒண்ணை நோட் பண்ணிக்கோங்க. அப்பவும் எல்லாம் காசுதான். காசு இருக்கிறவர் இன்னொரு டிக்கெட் புக் வாங்கி இன்னும் நாலு ரைடு போகலாம். ஆனா, எவ்வளவு காசு இருந்தாலும் தனக்கு முன்னாடி நிக்கிறவரைத் தாண்டிப் போக முடியாது. மில்லியனர் மகனும் மெக்கானிக் மகளும் ஒரே க்யூ, ஒரே வெயில்!

2 மணி நேரமா, 15 மணி நேரமா?

1971 அக்டோபர் 1-ல் ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தப்போ நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துப் பார்த்தா இன்னிக்கு அது கிட்டத்தட்ட 28 டாலர். 1982-ல் டிக்கெட் புக்கை ஒழிச்சுட்டு, 'ஒரே டிக்கெட், எல்லா ரைடும்'னு மாத்தினாங்க. 2015-ல் அங்கே இருக்கிற மேஜிக் கிங்டம் பார்க்கின் ஒரு நாள் டிக்கெட் 100 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் அறிவிச்ச புது விலைப்பட்டியலில், கூட்டம் அலைமோதும் நாட்களுக்கு அதே பார்க்குக்கு 209 டாலர். நம்ம 28 எங்கே, 209 எங்கே?

'அன்னிக்கு ரைடு கம்மி, டிக்கெட் புக் வேற தனியா வாங்கணும். இப்ப எல்லாம் ஒரே டிக்கெட்டில் அடங்குதே?'ன்னு கேட்டா, நியாயமான கேள்வி. அதுக்காக டிக்கெட் புக் காசையும் சேர்த்து 28-ஐ இன்னும் ரெண்டு மூணு மடங்கு ஆக்கிக்கிட்டாலும் 209 வராது.

சம்பளத்தோட ஒப்பிட்டாத்தான் வலி தெரியும். 1971-ல் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். ரெண்டேகால் மணி நேரம் உழைச்சா நுழைவுக் கட்டணம் ரெடி. ஃப்ளோரிடாவில் குறைந்தபட்சக் கூலி 2025 செப்டம்பர் 30 அன்னிக்கு 14 டாலர் ஆச்சு. அந்தக் கூலியில் 209 டாலர் சம்பாதிக்க 15 மணி நேரம், அதாவது ரெண்டு நாள் வேலை. ஒருத்தருக்கு!

ஓசிகள் ஒவ்வொண்ணா ஓடிப்போச்சு

டிக்கெட் விலை வெளியில தெரியும். பேப்பர்ல வரும். தெரியாம நடந்த கதை வேற.

டிஸ்னி ஓட்டலில் தங்கினா ஏர்போர்ட்டில் இருந்து இலவச பஸ் உண்டு. 2005-ல் ஆரம்பிச்ச அந்த பஸ்ஸை 2022 தொடக்கத்தில் நிறுத்திட்டாங்க. கையில் கட்டிக்கிட்டா ரூம் கதவும் திறக்கும், பார்க் கேட்டும் திறக்கும்ங்கிற 'மேஜிக் பேண்டு' ஓட்டல் விருந்தாளிகளுக்கு ஃப்ரீயா கிடைச்சது. 2021-ல் அதுவும் கட். ஓட்டலில் தங்கறவங்க கார் நிறுத்த 2018-ல் காசு வசூலிக்க ஆரம்பிச்சாங்க. ஆனா, ஜனங்க முணுமுணுத்ததில் 2023-ல் அதை மட்டும் திரும்ப இலவசமாக்கினாங்க. நல்லதையும் சொல்லிடணும் இல்லையா?

எல்லாத்தையும் விடப் பெரிய மாற்றம் க்யூவில்தான் நடந்தது.

1999-ல் 'ஃபாஸ்ட் பாஸ்' வந்தது. ரைடு வாசலில் இருக்கிற மெஷினில் சீட்டு எடுத்துக்கிட்டு, அதில் போட்டிருக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தா க்யூவில் காத்திருக்காம ஏறிடலாம். பைசா செலவில்லை. யாருக்கு சுறுசுறுப்பு இருக்கோ அவங்களுக்கு லாபம். 2020-ல் கொரோனா வந்து பார்க்குகளை மூடினப்போ அது நின்னது. நின்னது நின்னதுதான். 2021 அக்டோபரில் அதே வசதி வேற பேரில் வந்தது. இந்தத் தடவை தலைக்கு ஒரு நாளைக்கு 15 டாலர்! விலை நாளுக்கு நாள் மாறியது, 2024-ல் பேரும் மாறியது. அதே வருஷம் அக்டோபரில் 'பிரீமியர் பாஸ்' வந்தது. அது கையில் இருந்தா நேரமெல்லாம் பார்க்க வேண்டாம், எப்ப வேணும்னாலும் விரைவு வரிசையில் போகலாம். விலை? அப்போ கூட்டமான நாளில் தலைக்கு 449 டாலர் வரை. உள்ளே நுழையும் டிக்கெட்டுக்குத் தனியா கொடுக்கணும் சாமி!

தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம்

'இதில் என்ன புதுசு? நம்ம கோயில்லயே தர்ம தரிசனம், கட்டண தரிசனம் இருக்கே'னு நீங்க சொல்றது காதில் விழுது. அதேதான். அந்த க்யூவில் நின்னவங்களுக்கு இந்த க்யூ புரியும்.

ஒரு ரைடு மணிக்கு 1,500 பேரை ஏத்துதுன்னு வெச்சுக்குவோம். காசு கொடுத்தவங்க வந்துட்டாங்கங்கிறதுக்காக அது 2,000 பேரை ஏத்தாது. விரைவு வரிசைக்கு 1,000 இடம் போனா, சும்மா நிக்கிறவங்களுக்கு மிச்சம் 500தான். ஒருத்தர் காசு கொடுத்து மிச்சம் பண்ற நேரம், இன்னொருத்தர் கால் கடுக்க நின்னு கொடுக்கிற நேரம்.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டல், 2012-ல் வெளிவந்த 'வாட் மணி கான்ட் பை' புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே க்யூவைத் தாண்டிப் போவதைப் பத்தித்தான் எழுதியிருக்கார். தீம் பார்க்கும் அதில் வருது. ஃபிலாசஃபி, எகனாமிக்ஸ் மாணவர்கள் லைப்ரரியில் தேடிப் பாருங்க.

ஏன் இப்படி?

பி.காம்., பி.பி.ஏ. ஆளுங்க கொஞ்சம் முன்னாடி வாங்க. டிஸ்னிக்கு சினிமா, டி.வி., பார்க்னு பல தொழில். கேபிள் டி.வி. இணைப்பை ஜனங்க வெட்டிக்கிட்டே வர்றதால அந்த வருமானம் சரிஞ்சது. 2019-ல் ஆரம்பிச்ச 'டிஸ்னி பிளஸ்' ஸ்ட்ரீமிங்கும் சில வருஷங்கள் பில்லியன் கணக்கில் நஷ்டம் கொடுத்தது. தாங்கிப் பிடிச்சது பார்க்குகளும் கப்பல் சுற்றுலாவும் அடங்கிய பிரிவு. 2024 நிதியாண்டில் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து சம்பாதிச்ச 15.6 பில்லியன் டாலர் செயல்பாட்டு லாபத்தில், அந்த ஒரு பிரிவு மட்டும் சுமார் 9.3 பில்லியன்!

இன்னொரு கணக்கு. தீம் பார்க் துறையின் மதிப்பீட்டு அறிக்கைகளின்படி, மேஜிக் கிங்டத்துக்கு 2019-ல் வந்தவங்க சுமார் 2 கோடியே 9 லட்சம். 2023-ல் சுமார் 1 கோடியே 77 லட்சம். கூட்டம் குறைஞ்சது, ஆனா லாபம் குறையலை. ஒவ்வொரு தலைக்கும் வசூல் ஏறினா கம்பெனிக்குக் கூட்டம் எதுக்கு?

கம்பெனி பக்க நியாயமும் உண்டு. எல்லா நாளும் ஒரே விலைன்னா எல்லாரும் ஒரே நாளில் வந்து முட்டுவாங்க. அதனாலதான் 2016 முதல் நாளைப் பொறுத்து விலை. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் மிகக் குறைந்த டிக்கெட் 2019-ல் இருந்து 104 டாலரிலேயே நிக்குது. நல்ல விஷயம்தான். ஆனா, அந்த மலிவு நாட்கள் எப்போ? ஸ்கூல் நடக்கிற நாட்களில்! குழந்தையோட லீவை நம்பி இருக்கிற குடும்பம், எப்பவும் காஸ்ட்லி நாளில்தான் வந்து மாட்டும்.

கடன் வாங்கிக் கார்ட்டூன்

சரி, கட்டுப்படி ஆகலைன்னா போகாம இருக்கலாமே? அங்கேதான் மனசு குறுக்கே வருது. 'பக்கத்து வீட்டுப் பையன் போயிட்டு வந்துட்டான்' என்பது உலகத்துக்கே பொதுவான டயலாக். லெண்டிங்ட்ரீ என்ற கடன் சேவை நிறுவனம் 2024-ல் எடுத்த சர்வேயில், டிஸ்னி பார்க்குகளுக்குப் போனவர்களில் 24 சதவிகிதம் பேர் அதுக்காகக் கடன்பட்டதாகச் சொன்னாங்க. 18 வயசுக்குக் கீழே குழந்தை இருக்கிற பெற்றோரை மட்டும் பார்த்தா 45 சதவிகிதம்! அப்படிக் கடன்பட்டவங்களில் பெரும்பாலானவங்க 'அதுக்காக வருத்தப்படலை'னு சொன்னதுதான் விஷயமே. குழந்தை சிரிச்ச சிரிப்புக்கு வட்டி போட யாருக்கு மனசு வரும்?

பெஞ்சில் உட்கார்ந்து யோசிச்ச ஒரு அப்பாவால பிறந்த இடம். இன்னிக்கு இன்னொரு அப்பா அதே மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, போனில் கிரெடிட் கார்டு பாக்கியைப் பார்த்துட்டு இருக்கார்.

நம்ம ஊர் க்யூ

இதெல்லாம் அமெரிக்கா கதைன்னு பேப்பரைத் திருப்பிடாதீங்க. 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் பகுதியில் வொண்டர்லா திறந்தப்போ, டிக்கெட் 1,489 ரூபாயில் ஆரம்பிச்சது. நாலு பேர் வீட்டுக்கு 5,956. காசு அதிகம் கொடுத்தா சீக்கிரம் ஏறலாம்ங்கிற 'ஃபாஸ்ட் டிராக்' டிக்கெட் நம்ம நாட்டு பார்க்குகளுக்கும் வந்தாச்சு. பெரிய ரைடு வாங்க, பராமரிக்க, பாதுகாப்புக்கு ஆள் வைக்க நிஜமாவே கோடிகள் வேணும். அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வேற. 2017-ல் 28 சதவிகிதமா இருந்ததை 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைச்சாங்க.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை டிபார்ட்மென்ட் டூருக்கு தீம் பார்க்னு முடிவு பண்ணும்போது, வார நாள் விலை என்ன, குரூப் டிக்கெட் உண்டான்னு முன்கூட்டியே கேளுங்க. பஸ், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து தலைக்கு எவ்வளவுன்னு முதல் நாளே போர்டில் எழுதிப் போடுங்க. பாதி வழியில் 'ஆளுக்கு இன்னும் முந்நூறு எடுங்கப்பா'ன்னு யாரையும் தர்மசங்கடப்படுத்தாதீங்க. நாலு பேர் மட்டும் ஃபாஸ்ட் டிராக், மிச்சப் பேர் சாதா க்யூன்னு கிளாஸைப் பிரிக்காதீங்க.

அப்புறம், 'அன்னிக்கு எனக்கு வீட்டில் விசேஷம், நான் வரலை'னு ஒருத்தர் சொல்வார். ஒவ்வொரு கிளாஸிலும் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். லிஸ்ட்டை ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி, யாருக்கும் தெரியாம அவரைத் தனியா கூப்பிட்டு, விசேஷம் என்னிக்குன்னு ஒரு தடவை கேளுங்க.