கழுத்து ட்யூபில் காத்திருக்கும் கிருமி!

ஐ.சி.யூ.வில் இருப்பவரின் கழுத்தில் ஒரு ட்யூப் பார்த்திருப்பீர்கள். இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வரை போகும் 'சென்ட்ரல் லைன்' அது. மருந்துக்கு மட்டுமல்ல, கிருமிக்கும் ராஜபாட்டை!

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 2001-ல் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஐந்தே வேலைகளைத் தாளில் எழுதினார். கை கழுவுவது, குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடைப்பது, மாஸ்க், கவுன் அணிந்து நோயாளியை ஸ்டெரைல் துணியால் மூடுவது, தொடை இடுக்கைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் ட்யூபை எடுப்பது. ப்பூ, இவ்வளவுதானா? ஒன்றை விட்டாலும் 'நிறுத்துங்க டாக்டர்' என்று தடுக்க நர்ஸுக்கு அதிகாரம் தந்தார்களே, சூட்சுமம் அங்கேதான்! மிச்சிகன் மாநிலத்தின் 100-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இந்த வழிகளைப் பின்பற்றியபோது தொற்று 66 சதவிகிதம் வரை குறைந்ததாக 2006-ல் ஆய்வு வெளியானது.

உங்க வீட்டுப் பெரியவருக்கு லைன் போட்டிருக்கா? 'இன்னும் தேவையா சிஸ்டர்?' என்று தினமும் கேளுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள்.