ஒருவாற் சோதனை: நேரம் உண்மையிற் குறைந்ததா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. தோட்டப் பயிர்ச்செய்கை பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியுள்ளது. நிலாவரைக் கிணறு அமைந்த புத்தூர்ப் பகுதியும் அவ்வாறே. மண் வாய்க்காலால் இறைக்கும் தோட்டக்காரர் ஒருவர், குழாய் பொருத்தினால் இறைப்பு நேரம் குறையுமா என அறிய விரும்புகிறார் எனக் கொள்வோம். குறையாவிடின் குழாய்க்குச் செலவிட்ட பணம் வீண்.

8 வெங்காயத் தறைகளில் இரு முறைகளாலும் நீர் பாய்ச்சப்பட்டது. எதை முதலிற் செய்வது என்பது நாணயம் சுண்டித் தீர்மானிக்கப்பட்டது.

எடுத்த நேரம் (நிமிடம்), தறை 1 முதல் 8 வரை:
வாய்க்கால்: 46, 52, 41, 58, 49, 44, 55, 47 (இடை 49)
குழாய்: 42, 47, 39, 51, 50, 40, 49, 42 (இடை 45)

இடை 4 நிமிடம் குறைந்துள்ளது. இது தற்செயலா?

படி 1: கருதுகோள்கள்
சூனியக் கருதுகோள்: இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை.
மாற்றுக் கருதுகோள்: குழாய்க்கு நேரம் குறைவு.
மாற்றுக் கருதுகோள் ஒரு திசையை மட்டும் கூறுவதால் இது ஒருவாற் சோதனை. பொருண்மை மட்டம் 0.05 எனக் கொள்க.

படி 2: நிகழ்தகவு
குழாய் 7 தறைகளில் விரைவானது. வேறுபாடு இல்லையெனின், ஒவ்வொரு தறையிலும் குழாய் முந்துவதற்கான நிகழ்தகவு 1/2. மரவரிப்படத்தில் 2 × 2 × ... (8 தடவை) = 256 கிளைகள். எட்டிலும் முந்துவது 1 கிளை. சரியாக ஏழில் முந்துவது 8 கிளைகள்.
ஆகவே ஏழு அல்லது எட்டில் முந்துவதற்கான நிகழ்தகவு = 9/256 ≈ 0.035

படி 3: முடிவு
0.035 < 0.05. எனவே சூனியக் கருதுகோள் மறுக்கப்படும். குழாய் நேரத்தைக் குறைக்கிறது எனக் கொள்ளலாம்.

கவனிக்க: "வேறுபாடு உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தால் இரு திசைகளையும் எண்ண வேண்டும். அப்போது 18/256 ≈ 0.07, சூனியக் கருதுகோளை மறுக்க முடியாது! ஆகவே திசையைத் தரவுகளைப் பார்க்குமுன்பே தீர்மானிக்க வேண்டும். பார்த்தபின் சாதகமான திசையைத் தெரிவது தவறு.

இது குறிச் சோதனை எனப்படும். 1710 இல் ஜோன் ஆர்பத்நொட் என்பவர் இலண்டனின் 82 ஆண்டுப் பதிவுகளில் ஆண் குழந்தைகளே அதிகம் என்பதை இவ்வழியில் ஆராய்ந்தார்.

பயிற்சி: 6 தறைகளில் ஐந்தில் குழாய் முந்தியது. முடிவு யாது?
விடை: 7/64 ≈ 0.11 > 0.05. மறுக்க முடியாது. எனினும் இரு முறைகளும் சமம் என நிறுவப்பட்டதாகாது. சான்று போதாது என்பதே பொருள்.