குழாயில் கிடைத்த எர்த்

1980-ல் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே ஒரு செப்புக் கம்பி ஓடியது. துணி காயப்போடக் கட்டியது இல்லை என்று அம்மாவிடம் வாரம் ஒரு முறையாவது சொல்ல வேண்டியிருந்தது. கம்பியின் முனை ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்கும். இன்னொரு கம்பி சமையலறைக் குழாயில் சுற்றியிருக்கும். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, அதனால் எர்த். இரண்டுக்கும் நடுவே அட்டைக் குழலில் சுற்றிய காயில், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காங் கண்டென்சர், ஓ.ஏ.79 என்ற ஜெர்மானியம் டயோடு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஹெட்போன். பேட்டரி கிடையாது. காங்கை மெல்லத் திருப்பினால் 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூர் வானொலி காதுக்குள் வரும். காற்றில் வரும் அலையே பாட்டையும் சுமந்து, அதைப் பாட வைக்கும் சக்தியையும் கொடுக்கிறது என்பது அன்று எனக்கு முழுக்கப் புரியவில்லை. ஆனாலும் நம்பினேன். காதால் கேட்டதை எப்படி நம்பாமல் இருப்பது?

தண்டு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கண்டோன்மென்ட் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் அன்று திண்ணைப் பேச்சு. 1948-ல் வந்த ஐ.டி.ஐ. தூரவாணி நகரில் தொலைபேசி செய்தது. 1954-ல் தொடங்கிய பி.ஈ.எல். ஜாலஹள்ளியில் 1961-ல் ரேடியோ வால்வும் மறு ஆண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் செய்ய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்கு அங்கேதான் வேலை. சோல்டரிங் அயர்னை எப்படிப் பிடிப்பது, ஈயம் பளபளவென்று ஓடினால் நல்ல பற்று, மங்கி உருண்டையாக நின்றால் டிரை சோல்டர் என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. ஒரு டிரான்சிஸ்டரைச் சுட்டுக் கெடுத்தால் அடுத்ததை வாங்க ஒரு மாதக் கைச்செலவு போய்விடும். அதனால் கையை வைக்குமுன் மூன்று முறை படத்தைப் பார்ப்போம்.

பழைய காலத்தைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. பி.யூ.சி. லேபில் எங்களுக்கு வாய்த்தது ஒரு மரப்பெட்டி. மேலே பேக்லைட் பலகை, அதில் வெள்ளை வண்ணத்தில் வரைந்த டிரான்சிஸ்டர் குறியீடு, நான்கைந்து டெர்மினல்கள். உள்ளே இருக்கும் எஸ்.எல்.100-ஐ யாரும் பார்த்ததில்லை. தொப்பி போட்ட அந்த உலோக உருளையில் சின்ன நாக்கு நீட்டிய பக்கம்தான் எமிட்டர் என்பது லேபை விட்டு வந்து வெகுநாள் கழித்துத் தெரிந்தது. எட்டுப் பேருக்கு ஒரு பெட்டி. ஒருவன் குமிழைத் திருப்புவான், ஒருவன் மீட்டரைப் படிப்பான், மற்றவர்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வளைகோடு வரைவார்கள். பெண் பிள்ளைகள் கையில் சோல்டரிங் அயர்னை நான் பார்த்ததே இல்லை.

இன்று அந்த மொட்டை மாடி இருந்த இடத்தில் நான்கு மாடி அபார்ட்மென்ட். குழாயெல்லாம் பி.வி.சி., கம்பியைச் சுற்றினால் எர்த் கிடைக்காது. எல்.ஈ.டி. பல்புகளும் சார்ஜர்களும் கிளப்பும் இரைச்சலில் சாதாரண ரேடியோவிலேயே மீடியம் வேவ் தத்தளிக்கிறது.

ஆனால் சாமான் பஞ்சம் தீர்ந்துவிட்டது. எல்.ஈ.டி. சில ரூபாய். எஸ்.பி. ரோட்டுச் சந்துகளில் அலைந்து தேடிய பொருள் போனில் தட்டினால் வாசலுக்கு வருகிறது. 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ பலகை இன்று பள்ளிப் பையில் கிடக்கிறது. 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது.

ரிச்சர்ட்ஸ் பார்க் பக்கம், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு அம்மா சனிக்கிழமைகளில் ஆறேழு பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறார். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் கலந்த வகுப்பு. மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. புது எல்.ஈ.டி. வேண்டுமென்றால் செத்ததை அதில் போட்டு, எப்படிச் செத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும்.

நான் போன அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி டப்பாவை நோக்கி வந்தாள். "மிஸ், எரிய மாட்டேங்குது. செத்துடுச்சு."

"கணக்கு போட்டியா?"

போட்டிருந்தாள். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.ஈ.டி.க்கு 2 வோல்ட் போக மீதி 7, ரெசிஸ்டர் 470 ஓம், சுமார் 15 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, பழுப்பு வரிசையும் சரி. நீளக் கால் பாசிட்டிவ் பக்கம்தான். டீச்சர் மல்டிமீட்டரை டயோடு குறிக்குத் திருப்பி இரண்டு கால்களிலும் வைத்தார். மங்கலாகச் சிவந்தது.

"இது சாகல. வோல்டேஜ் எது வரைக்கும் வருதுன்னு பாரு."

அவள் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துக்கொண்டு சாமான் செருகும் பிரெட்போர்டில் சிவப்பு முனையை ஓட்டை ஓட்டையாக நகர்த்தினாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. பாதியைத் தாண்டியதும் பூஜ்யம். சில பிரெட்போர்டுகளில் ஓரத்து வரிசை நடுவில் அறுந்திருக்கும், அச்சிட்ட சிவப்புக் கோடும் அங்கே விட்டுப் போயிருக்கும். கண்ணெதிரே இருந்தும் யார் பார்த்தோம்? ஒரு துண்டு ஒயரால் இரண்டு பாதியையும் சேர்த்தாள். எரிந்தது.

அன்று சாமான் விலை எங்களை யோசிக்க வைத்தது. இன்று அந்த வேலையை டீச்சரின் பிஸ்கட் டப்பா செய்கிறது. அது இல்லாவிட்டால் மாற்றிப் பார், எரிந்தால் சரி, எரியாவிட்டால் இன்னொன்று என்று போய்விடும். சென்சார் மாட்யூலைச் செருகி, நெட்டிலிருந்து எடுத்த புரோகிராமை ஏற்றி, கைதட்டல் வாங்கிவிடலாம். எங்கள் மரப்பெட்டி போய் நீல ஆர்டுயினோ பலகை வந்திருக்கிறது. மூடி மட்டும் அப்படியே.

பாடப் புத்தகமும் கைவிட்டுவிட்டது. 2022-ல் சுமை குறைப்பு என்று என்.சி.ஈ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைக் கத்தரித்தபோது லாஜிக் கேட் போனது, தகவல் தொடர்பு அத்தியாயமே போனது. டயோடு ரெக்டிஃபையரோடு குறைகடத்திப் பாடம் முடிந்துவிடுகிறது. கர்நாடகத்தில் பி.யூ. மாணவர் எலெக்ட்ரானிக்ஸைத் தனிப் பாடமாக எடுக்கலாம் என்பது ஆறுதல். ஓசூர் தாண்டினால் கதை வேறு. 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பிளஸ் டூ நூல் டிரான்சிஸ்டருக்கும் டி மார்கன் தேற்றத்துக்கும் இடம் கொடுத்தது. டிரான்சிஸ்டர்கள் கோடிக் கணக்கில் அடங்கிய போனைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, ஒற்றை டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதா சுமை?

கிளம்பும் முன் என் பழைய ஓ.ஏ.79-ஐ அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடிக் குழல். முதலில் ஒரு சிலிக்கான் டயோடை அளந்தாள். மீட்டர் 0.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. ஜெர்மானியத்துக்கு அதில் பாதிகூட வரவில்லை.

"இது ஏன் இவ்வளவு கம்மி, அங்கிள்?"

அந்தக் கம்மிதான் பேட்டரியே இல்லாத என் ரேடியோவைப் பேச வைத்தது. சொல்ல வாய் திறந்தேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.